ஆழ்வார் ஆசாரி

பிறத்தியார் நிலத்துக்கு வில்லங்கம் பார்த்துக் கொடுப்பதுதான்
திசையன்விளையில் என் பிழைப்பு.
முப்பது வருஷம் பின்னால் போனால் போதும்,
வங்கிக்காரர் ஒத்துக்கொள்வார்.
என் சொந்த வில்லங்கத்துக்கு
நூற்று நாற்பது தேவைப்பட்டது.

எங்களுக்குப் பட்டப்பெயர் பூனைக்கண் வீடு.
தலைமுறைக்கு ஒன்றிரண்டு பேர் கண்ணில்
பாசி பிடித்த கிணற்றுத் தண்ணீர் நிறம்.
"கப்பல்ல வந்த துரை ஒருத்தன்" என்பார்கள்.
அதற்கு மேல் கேட்டால்
சோறு ஆறுகிறது என்பார்கள்.

துரை என்றே தேடினேன்.
துரைமார் ஏடுகளில் அவன் இல்லை.
பருத்தி அமுக்குக் கம்பெனிக் கணக்கு,
கலெக்டர் முகாம், பன்றி வேட்டை,
ஒன்றிலும் இல்லை.

அகப்பட்டது மாவடிவிளைக் கோயில் பதிவேட்டில்,
கறையான் தின்றது போக மிஞ்சிய பாதியில்:
1882 ஆகஸ்டு 13. பிள்ளை, ஞானக்கண்.
தாய், மாசில்லாள்.
தகப்பன், ஆழ்வார் ஆசாரி.

வேதக்காரர் ஏட்டில் ஆழ்வார் எப்படி வந்தார் என்று
இரண்டு மாசம் முழித்தேன்.
சாதிக் கட்டத்தில் முதலில் "தச்சன்",
அதை அடித்து "வெள்ளை",
அதையும் அடித்து வெறும் கோடு.
எழுதின உபதேசியார் பேனாவை வைத்துவிட்டு
வெளியே போய் ஒரு செம்பு தண்ணீர் குடித்திருப்பார்.

ஹால்வர். நார்வே தேசத்துக் கப்பல் தச்சன்.
இந்த ஊர் வாய்க்கு ஆழ்வார்,
உளி பிடித்ததால் ஆசாரி.

அவன் ஜெபப்புத்தகம் ஒன்று
சித்தப்பா வீட்டுப் பரணில் இருந்தது.
முதல் பக்கத்தில் ஊர்ப்பெயர்,
கடைசியில் ஒரு பூஜ்யம், அதன் குறுக்கே கோடு.
அடித்தல் என்று நினைத்தேன்.
அடித்தல் என்றால் ஓரத்தில் ஒப்பம் வேண்டும், அது இல்லை.
பிறகுதான் தெரிந்தது, அது எழுத்து.
நம் ஆ, தீ, பூ மாதிரி
ஒற்றையாய் நின்றாலும் பொருள் தரும்:
தீவு.

அந்தத் தேசத்துச் சுவடியறையிலிருந்து
இங்கெர் என்ற அம்மாள் பதில் போட்டாள்.
கப்பல் பேரேட்டில்: "காய்ச்சல்.
தூத்துக்குடியில் விடப்பட்டான். மே, 1880."
தீவின் கோயில் ஏட்டில், மறு வருஷம்:
"கடலில் மாண்டான்.
மனைவி கைம்பெண். மகளுக்கு வயது மூன்று."

ஆக, செத்த மறு வருஷம்
எங்கள் ஞானக்கண் பிறந்திருக்கிறான்.
செத்தவன் பதினேழு பனை வாங்கினான், அடிநிலத்தோடு.
பத்திரம் செல்லும். நானே பார்த்தேன்.

யார் சொல்லி எழுதினார்கள் அந்த வரியை?
அவன் செலவு நோட்டில்
ஆணி, மெழுகு, வாடகை, இவற்றுக்கு நடுவே
ஒரே ஒரு தரம்: "தபால், வெளிதேசம், ஐந்தணா."
அதற்கப்புறம் ஆட்டுக்குட்டி, தொட்டில் கயிறு,
ஓடு, மறுபடியும் தொட்டில் கயிறு.
அந்த ஐந்தணாவைக் காட்டி அவனை விடுவிக்கப் பார்த்தேன்.
கடிதம் சேரவில்லை என்று ஒரு நாள் தோன்றும்.
சேர்ந்தது, அதில் இருந்ததே அந்தப் பொய்தான் என்று
இன்னொரு நாள்.

மாவடிவிளைக் கோயிலுக்கு மேற்கூரை அவன் வேலை.
விலா எலும்பு போல வளைந்த மரங்கள்,
நடுவே நீளமாய் ஒரு முதுகுத்தண்டு.
உவரியிலிருந்து கல்யாணத்துக்கு வந்த மீன்காரர் ஒருவர்
அண்ணாந்து பார்த்துச் சொன்னார்:
"வள்ளத்த அடியில கெடந்து பாத்தவன்லா கெட்டிருக்கான்."
சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனார்.
எனக்கு அன்று இலையில் கை வைக்க முடியவில்லை.

1893. பேதி. வயது சுமார் நாற்பத்தொன்று.
அடக்கப் பதிவில் ஊர் என்ற கட்டத்தில்
உபதேசியார், அதே கையெழுத்து: "தூரம்."

இங்கெர் கேட்கிறாள்,
நகல் அனுப்பினால் அங்கே ஒரு குறிப்புச் சேர்க்கலாமாம்.
நகலோடு, தொழில் பழக்கம்,
பிழைதிருத்தல் பத்திரம் ஒன்றும் எழுதி வைத்தேன்.
எழுதிக் கொடுப்பவர்: நான், ஞானக்கண் வழி நாலாம் தலைமுறை.
பிழை: கடல். திருத்தம்: தேரி மணல்.
எழுதி வாங்குபவர்: மேற்படியார் மகள், வயது மூன்று,
பெயர்

அது மட்டும் இன்னும் வரவில்லை.
ஒரு விரற்கடை இடம் விட்டிருக்கிறேன்.